கணக்குப்படி கத்தாது

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் அழுத்தக்காரி. முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பாள். பெயருக்குக் காரணம் இரண்டு. முதல் காரணம், மூச்சுக்கு முந்நூறு தடவை அழுத்தம், அழுத்தம் என்று பேசுகிறவள் அங்கே அவள் ஒருத்திதான். ஸ்பிரிங் போதவில்லை, ஸ்பிரிங் அதிகமாகிவிட்டது, யார் இந்த ஸ்பிரிங்கில் கை வைத்தது? நாள் முழுக்க இதே பாட்டு. இரண்டாவது காரணத்தை அவள் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். கேட்டால் விடமாட்டார், உட்கார வைத்துச் சொல்வார்.

கல்யாணமான புதிதில் அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள். ஒரு திருப்பத்தில் வண்டி சாவகாசமாகச் சாய்ந்து இரண்டு பேரையும் மணலில் உட்கார வைத்தது. அடி ஒன்றுமில்லை. ஆனால் அவர் சிரித்துவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. "இனிமே உங்க பைக்ல நான் ஏறினா என்னன்னு கேளுங்க!" என்றாள். மகள் கல்லூரிக்குப் போகிற வயதாகிவிட்டது, இன்றுவரை ஏறவில்லை. அவள் பஸ்ஸில் போவாள், அவர் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே பைக்கை உருட்டிக்கொண்டு வருவார். சிக்னலில் நிற்கும்போது ஜன்னல் வழியாகச் சாவி, சாப்பாட்டு டப்பா, காலையில் பாதியில் நின்ற சண்டை எல்லாம் கைமாறும். கண்டக்டர்களுக்கு இது பழகிவிட்டது.

இந்த வேலைக்கு அவள் வந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். முதலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிறகு குழந்தை, குழந்தையின் காய்ச்சல், குழந்தையின் கணக்குப் பாடம். ஒருநாள் திடீரென்று மேற்படிப்புக்குக் கிளம்பினாள். இந்த வயசில் எதுக்கு என்று கேட்டவர்கள் எல்லாரும் கேட்டு ஓய்ந்தார்கள். அவள் ஒற்றைக்காலில் நின்று படித்து முடித்து, நகரத்தின் ஓரத்தில் மோட்டார் செய்யும் இந்தச் சின்னக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே வீட்டுக்காரரிடம், "ஏங்க, எனக்குன்னே எவனோ இந்த வேலைய செஞ்சு வச்சிருக்கான்" என்றாள். அவர் வாயால் அதைக் கேட்கும்போது நமக்கே சந்தோஷமாக இருக்கும்.

மோட்டார் என்றதும் காந்தமும் கம்பிச் சுருளும் நினைவுக்கு வந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். இது வேறு ஜாதி மோட்டார். விரலில் மாட்டிக்கொள்ளலாம் போல ஓர் உலோக வளையம். அதன் அடியில் பியெசோ பீங்கான் ஒட்டியிருக்கும். மின்சாரம் பாய்ந்தால் இந்தப் பீங்கான் நீளும், குறுகும். அதோடு சேர்ந்து வளையமும் நெளியும். அந்த நெளிவு ஓர் அலையாக வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன அலை, காதுக்குக் கேட்காத அளவு வேகம். வளையத்தின் மேல் ஒரு தட்டை வைத்து ஸ்பிரிங்கால் அழுத்தினால் தட்டு சுழலும். வேடிக்கை என்னவென்றால், அலை வலப்பக்கம் ஓடினால் தட்டு இடப்பக்கம் சுழலும்.

எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? அதைக் கணக்காகப் போட்டுச் சொல்வதுதான் அழுத்தக்காரியின் வேலை. தட்டை முழு வளையமும் தொடுவதில்லை. அலையின் உச்சிகள் மட்டுமே தொடுகின்றன. ஒவ்வோர் உச்சியின் நடுவிலும் வளையத்தின் தோல் தட்டைவிட வேகமாக ஓடித் தள்ளும். உச்சியின் இரண்டு ஓரங்களிலும் அதே தோல் சோம்பேறியாகிப் பின்னால் இழுக்கும். தள்ளு ஜெயித்தால் மோட்டார் ஓடும். அழுத்தம் குறைந்தால் எல்லாம் வழுக்கும். அழுத்தம் கூடினால் தொடுகிற இடம் அகலமாகி, ஓரத்துச் சோம்பேறிகள் பெருகி, அலையே அமுங்கிவிடும். எங்கே ஒட்டிப் பிடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று கம்ப்யூட்டரில் உச்சி உச்சியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பாட்டு டப்பா திறந்தபடியே ஆறும். இதை வைத்து யாராவது குடும்ப வாழ்க்கைக்குத் தத்துவம் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உரசல்னா உரசல்தான். அதுல போயி புருஷன் பொண்டாட்டிய கொண்டு வராதீங்க" என்பாள்.

அவள் இடம் மாடியில், ஜன்னல் ஓரம். கீழே கோர்க்கும் கூடம். அங்கேதான் வளையமும் தட்டும் ஸ்பிரிங்கும் ஒன்று சேர்ந்து மோட்டாராகும். கூடத்துக்கு ராஜா பிசின் அண்ணன். தட்டின் அடியில் தேய்மானத்தைத் தாங்க ஒரு மெல்லிய பட்டை ஒட்டுவார்கள். அதை ஒட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊர் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். பேச்சுக்காரர். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிசின் குழாய் இருக்கும், அது ஒழுகியும் இருக்கும்.

இந்த இரண்டு பேருக்கும் ஆகாது. அவள் சேர்ந்த புதிதில் ஒருநாள் விறுவிறுவென்று கூடத்துக்குள் நுழைந்து திறந்திருந்த மோட்டார் மேல் குனிந்தாள். பிசின் அண்ணன் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "மேடம், உங்க தலைமுடி ஒண்ணு உள்ள விழுந்தா மோட்டார் படுத்துக்கும். நீங்க மேலயே கணக்கு போட்டுட்டு இருங்களேன்" என்றார். கூடமே சிரித்தது. அவளுக்கு வந்ததே கோபம்! "அண்ணே, நீங்களா வாங்கன்னு கூப்பிடற வரைக்கும் இந்தக் கூடத்துல நான் கால் வச்சா என்னன்னு கேளுங்க!" பிசின் அண்ணனும் சும்மா ஆள் இல்லை. கூப்பிடவே இல்லை.

அன்றிலிருந்து மாடிக்கும் கூடத்துக்கும் நடுவில் இன்டர்காம் மட்டும்தான். மோட்டார் மூடி போட்டு, ட்ரேயில் வரிசையாக மேலே வரும். அவள் ஓட்டிப் பார்ப்பாள். மூடியைத் திறக்க மாட்டாள். திறந்தால் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் கலைந்துவிடுமே, அதற்கு அவளே கை வைப்பாளா?

இப்படி இருக்கும்போதுதான் கண் டாக்டர் வந்தார். குழந்தைகளின் கண்ணைப் பரிசோதிக்கும் கருவி ஒன்று செய்துகொண்டிருந்தார் அந்த அம்மாள். கண்ணுக்கு வெகு அருகில் ஒரு லென்ஸ் சுழல வேண்டும். மற்ற மோட்டார்கள் உர்ரென்றதும் குழந்தைகள் மிரண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். "சத்தமே வரக்கூடாது. துளிகூட" என்றார். முதலாளியம்மா அழுத்தக்காரியைப் பார்த்தார். அழுத்தக்காரி மோட்டாரை ஓட்டிக் காட்டினாள். தட்டு அழகாகச் சுழன்றது. கூடவே மெல்லிசாக ஒரு 'கீச்'.

அதுவரை இந்த மாதிரி மோட்டார் கத்தியதே இல்லை. டாக்டர் புருவத்தைத் தூக்கினார். முதலாளியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அழுத்தக்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசினால் பேசாமல் இருக்கத் தெரிகிறதா? வாயை விட்டாள். "கணக்குப்படி இது கத்தாது. அடுத்த தடவை நீங்க வரும்போது நான் செஞ்சு வைக்கிற மோட்டார் கத்துச்சுன்னா, இந்த நாற்காலிய விட்டு எழுந்துடறேன். அப்புறம் இதுல உக்கார மாட்டேன்."

"என்னம்மா இது, சும்மா இரு" என்று முதலாளியம்மா கையைப் பிடித்தார். சொல்லியாயிற்று. அழுத்தக்காரி சொன்னால் சொன்னதுதான் என்பது முதலாளியம்மாவுக்கும் தெரியும். பஸ்ஸுக்குப் பக்கத்தில் பைக் வருவதை அவரும் பார்த்திருக்கிறார்.

டாக்டர் போனதும் அழுத்தக்காரி இன்டர்காமை எடுத்தாள். அவள் கணக்கில் ஒரு சொல் உண்டு: ஒட்டு. பட்டை வழுக்குவதற்கு முன் எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு அவளே வைத்துக்கொண்ட பெயர். வழக்கமான பிடிப்புக்குப் பூஜ்யம், கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் ஒன்று, இன்னும் கூடினால் இரண்டு. முன்பெல்லாம் கேட்டால் பிசின் அண்ணன், "ஒட்டே கெடையாது மேடம்!" என்று பெருமையாகச் சொல்வார். அவளும் பூஜ்யம் என்று போட்டுக்கொள்வாள்.

"அண்ணே, இப்ப வந்த மோட்டார்ல ஒட்டு எவ்வளவு?"

"ஒண்ணுதான் மேடம்."

அவள் யோசித்தாள். வழுக்கி வழுக்கிப் பிடிப்பதால்தான் கீச்சென்று கத்துகிறது. பிடிப்பு ஏறினால் வழுக்கல் குறையும். கணக்கில் இரண்டு என்று போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டர் மோட்டார் சமர்த்தாக ஓடியது.

"அண்ணே, ஒட்டு ரெண்டு பண்ண முடியுமா?"

"ரெண்டா? எதுக்கு மேடம்? ஒண்ணே எதுக்குன்னு இருக்கேன் நான்."

"கணக்கு சொல்லுது அண்ணே. பண்ணுங்க."

"சரி, கணக்கு சொன்னா சரி" என்றார் அவர். அந்தச் 'சரி'யில் எக்கச்சக்கமாகக் குத்தல் இருந்தது. அதை அவள் கவனித்தாள், கண்டுகொள்ளவில்லை.

இரண்டு ஒட்டு மோட்டார் வந்தது. முன்னதைவிட மோசமாகக் கத்தியது. ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னாள், வளையத்தை மாற்றச் சொன்னாள், கணக்கை முதலிலிருந்து போட்டாள். கணக்கோ, 'நான் கத்த மாட்டேன்' என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. அவள் கணக்காயிற்றே, அவளைப் போலத்தானே இருக்கும்! கடைசியில் மறுபடியும் இன்டர்காம். "அண்ணே, ஒட்டு மூணு."

"மூணா! மேடம், துண்டு துண்டா போயிடும் மேடம்."

"ஒட்டுன்னா அப்படித்தான் அண்ணே இருக்கும். போடுங்க."

"என்னமோ போங்க!" என்று டொக்கென்று வைத்துவிட்டார்.

மூன்று ஒட்டு மோட்டார் கத்தவில்லை, அலறியது. பக்கத்து அறைக் கணக்கர் ஓடிவந்து, தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார். நாளை மறுநாள் டாக்டர் வருகிறார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சாப்பிடாமல் தட்டைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலி என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அந்த நாற்காலியும் அந்தக் கம்ப்யூட்டரும் இல்லாவிட்டால் அவள் என்ன ஆவாள் என்று அவருக்குத் தெரியும். காலையில் பஸ் ஏறும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும், அதைப் பார்க்கத்தான் அவர் பைக்கைப் பக்கத்திலேயே ஓட்டுகிறார். அதை அவளிடம் சொன்னதில்லை.

"மூடிய தொறந்து பாத்தியா?" என்றார்.

"தொறந்தா அழுத்தம் போயிடும்."

"அப்ப கீழ போயி, அவங்க கோக்கும்போதே பாரேன்."

"அது எப்படிப் போறது? அவரு கூப்பிடாம போக மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல?"

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, உன் சபதத்துக்கெல்லாம் ஒரு போர்டு எழுதி வாசல்ல மாட்டிடலாம்மா. வர்றவங்க எதுக்கும் பாத்துட்டு வரட்டும்."

"நீ சும்மா இருடி."

"இங்க பாரு" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கீழ போனா ஒரு சபதம் உடையும். போகலன்னா நாற்காலி போகும். எது வேணும்னு நீயே பாத்துக்க. பைக் விஷயத்துல நான் எதுவும் கேக்கல. இதுல கேக்கறேன். போ."

அவர் எதையும் இப்படிக் கேட்கிறவர் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சோற்றில் காரம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

மறுநாள் காலை கூடத்து வாசலில் வந்து நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பிசின் அண்ணன் கையில் பட்டையோடு அப்படியே நின்றுவிட்டார். அவள் தலையை இறுக்கி முடிந்து, அதன் மேல் ஒரு துணியும் கட்டியிருந்தாள்.

"முடி விழாது அண்ணே" என்றாள். "நீங்க கூப்பிடல. நானாத்தான் வந்திருக்கேன்."

இத்தனை காலம் கூப்பிடாமல் இருந்ததை நினைத்துப் பிசின் அண்ணனுக்கே வெட்கமாகிவிட்டது. அவசரமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார், அதைத் தன் சட்டையாலேயே துடைத்தார், துடைத்ததில் பிசின் ஒட்டிக்கொண்டது. "வாங்க மேடம், வாங்க! இல்ல இல்ல, அதுல உக்காராதீங்க, இதுல உக்காருங்க" என்று வேறொன்றை எடுத்தார்.

மூன்று ஒட்டு மோட்டாரைத் திறந்து தட்டைத் திருப்பி வைத்தார். அவள் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். நன்றாக ஓடிய மோட்டாரில் பட்டை முழுக்க ஒரே மாதிரி மினுமினுப்பு இருக்க வேண்டும். இதில் மினுமினுப்பு மூன்று இடத்தில் அறுந்திருந்தது. அறுந்த இடத்தில் ஒவ்வொரு கோடு.

"இது என்ன அண்ணே கோடு?"

"அதான் மேடம் ஒட்டு."

"எது ஒட்டு?"

"இதான் ஒட்டு! முன்னெல்லாம் தாள்ல முழு வட்டமா வெட்டி ஒட்டுவோம், ஒட்டே இருக்காது. பாதித் தாள் குப்பைக்குப் போகும். அது மனசு கேக்கல. இப்ப நீளமா பட்டை வெட்டி வளைச்சு, ரெண்டு முனையையும் சேத்து ஒட்டறேன். என் யோசனைதான்! அதனால ஒரு ஒட்டு. நீங்கதான் ரெண்டு கேட்டீங்க. மூணு கேட்டீங்க. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. படிச்சவங்க கணக்குப் போட்டுச் சொல்றாங்க, நாம எதுக்குக் கேக்கணும்னு வீம்பா இருந்துட்டேன்."

அழுத்தக்காரி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். "அண்ணே, நான் கேட்டது பிடிப்பு. பட்டை எவ்வளவு ஒட்டிப் பிடிக்குதுன்னு."

"பிடிப்பா? அத நான் எப்ப மேடம் அளந்தேன்?"

முதலில் சிரித்தது யார் என்று இன்றும் சண்டை நடக்கிறது. அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூடத்தில் மற்றவர்கள் விஷயம் புரிந்து, புரியாதவர்களுக்குச் சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து சிரித்தார்கள். ஒவ்வோர் ஒட்டிலும் பட்டையின் விளிம்பு மயிரிழை தூக்கி நின்றது. உச்சி உச்சியாக ஓடிவந்த அலை அதில் இடறி இடறித் தட்டை நடுங்க வைத்தது. அந்த நடுக்கம்தான் கீச். கேட்டுக் கேட்டு அவளேதான் இடறு கற்களைப் போடச் சொல்லியிருக்கிறாள்!

பிசின் அண்ணன் அன்றே ஒரு முழு வட்டம் வெட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பிரிங்கின் அழுத்தத்தைச் சொல்லச் சொல்ல, அவர் திருகினார்.

அடுத்த நாள் கண் டாக்டர் மாடிக்கு வந்து உட்கார்ந்தார். அழுத்தக்காரி ஸ்விட்சைத் தட்டினாள். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர், "எப்ப போடப் போறீங்க?" என்று கேட்டார்.

"போட்டாச்சு டாக்டர். ஓடிக்கிட்டு இருக்கு."

டாக்டர் குனிந்து பார்த்தார். மோட்டாரில் பொருத்தியிருந்த லென்ஸ் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவர் காதைக் கிட்டே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து அழுத்தக்காரியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். மாடிப்படியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிசின் அண்ணன் மூக்கை உறிஞ்சினார். பிசின் வாடை என்று பிறகு சொன்னார்.

டாக்டர் போனதும் அழுத்தக்காரி நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"எங்கம்மா போற?" என்றார் முதலாளியம்மா. "அதான் கத்தலையே!"

"டாக்டர் முன்னால கத்தல. ஆனா ரெண்டும் மூணும் கத்துச்சு. அதையும் நான்தான் செய்யச் சொன்னேன். சொன்னா சொன்னதுதான். இந்த நாற்காலியில இனி உக்கார மாட்டேன்."

முதலாளியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிசின் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், விளையாடாதீங்க மேடம்" என்று இரண்டு படி மேலே ஏறி வந்தார்.

"இதுலதான் உக்கார மாட்டேன்னு சொன்னேன்" என்றாள் அவள். "கீழ ஒரு ஸ்டூல் இருக்கு. பிசின் படாதது. அண்ணே, ஜன்னல் பக்கம் கம்ப்யூட்டர் வைக்க இடம் இருக்குமா?"

அன்று மத்தியானமே கம்ப்யூட்டர் கீழே இறங்கியது. பிசின் அண்ணன்தான் தூக்கிக்கொண்டு வந்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. அவள் முதல் வேலையாகக் கணக்கைத் திறந்து, பட்டையில் ஓர் ஒட்டை வைத்தாள். அவருடைய ஒட்டு, தூக்கிய விளிம்போடு. இரண்டு வைத்தாள். மூன்று வைத்தாள். ஓடவிட்டாள். கம்ப்யூட்டரில் தட்டு நடுங்கியது. நடுக்கத்தை ஒலியாக மாற்றி ஸ்பீக்கரில் போட்டாள். அதே அலறல், அன்று கணக்கரை ஓட வைத்த அதே குரல்.

"கத்துது! அண்ணே, கணக்கு கத்துது!" என்று ஸ்டூலை விட்டுத் துள்ளி எழுந்து கூவினாள். இத்தனை நாளும் கணக்கு பொய் சொல்லவே இல்லை. அவள் சொன்னதற்கு அது சரியாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிசின் அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்து, மடித்து வைத்திருந்த புதுத் தலையுறை ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"கத்துறது நீங்க மேடம்" என்றார். "முடிய மூடிக்கிட்டு கத்துங்க."